சிறு குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுதல்: பெற்றோருக்கும் பராமரிப்போருக்கும் ஒரு வழிகாட்டி

குழந்தையை மடியில் அமர்த்திப் படப் புத்தகம் ஒன்றைத் திறந்து வாய்விட்டு வாசித்துக் காட்டுவது, பேச்சு வளர்ச்சிக்கு உதவும் எளிய வழிகளுள் ஒன்றாகும். இதற்கு மருந்தோ கருவியோ தேவையில்லை. நாளொன்றுக்குப் பத்து நிமிடங்கள் போதும். ஆயினும், "எனக்குப் படிக்கத் தெரியாது", "பேசவே தொடங்காத பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு?", "வேலை முடிந்து வருவதற்குள் பிள்ளை உறங்கிவிடுகிறது" என்னும் மூன்று காரணங்களைப் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி கேட்கிறோம். தூத்துக்குடி மாவட்டத்தின் மீனவர், உப்பளத் தொழிலாளர், துறைமுகப் பணியாளர் குடும்பங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட இப்பக்கம், அம்மூன்றுக்கும் விடை தருகிறது.

முதலில் அறிய வேண்டிய செய்தி இது: குழந்தையின் மொழியை வளர்ப்பது அச்சிட்ட சொற்கள் மட்டுமல்ல. புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு நீங்களும் குழந்தையும் மாறி மாறிப் பேசிக்கொள்வதே முதன்மையானது. ஆகவே எழுத்தறியாத பாட்டியும் இதைச் சிறப்பாகச் செய்ய இயலும். மேலும், குழந்தையின் கேட்டலிலோ பார்வையிலோ பேச்சிலோ குறை இருப்பின், அதை முதலில் கண்டறியும் வாய்ப்பும் அந்தப் பத்து நிமிடங்களில் உங்களுக்குக் கிடைக்கிறது.

வாசித்துக் காட்டுவதால் என்ன பயன்?

குழந்தையின் மூளை முதல் சில ஆண்டுகளில் மிக விரைவாக வளர்கிறது. இரண்டு வயதில் அது வளர்ந்தவரின் மூளை அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. அக்காலத்தில் கேட்கும் சொற்களும், அச்சொற்களுக்குத் தான் அளிக்கும் மறுமொழியும், மொழிக்கான நரம்பு இணைப்புகளை வலுப்படுத்துகின்றன.

வீட்டில் குழந்தையிடம் நாம் பேசும் பேச்சில் பெரும்பகுதி "வா", "சாப்பிடு", "தொடாதே", "அங்கே போகாதே" என்னும் கட்டளைகளே. புத்தகம் திறக்கும்போது பேச்சு மாறுகிறது. வீட்டில் இல்லாத யானையும், நேற்று நடந்த செய்தியும், நாளை நடக்கப்போவதும், "ஏன்", "எப்படி" என்னும் வினாக்களும் அதில் இடம்பெறுகின்றன. குழந்தைக்கு வேண்டிய மொழி வளம் இதுவே.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 1988-ஆம் ஆண்டு அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 21 முதல் 35 மாத வயதுக் குழந்தைகளின் பெற்றோரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் வழக்கம்போல் வாசித்தனர். மற்றொரு பிரிவினருக்கு, வாசிக்கும்போது வினா எழுப்பவும், குழந்தையின் விடையை விரித்துச் சொல்லவும் பயிற்சி தரப்பட்டது. ஒரு மாத முடிவில், பயிற்சி பெற்றோரின் குழந்தைகள் பேச்சுத்திறன் சோதனைகளில் முன்னிலை பெற்றனர். இரு பிரிவினரும் புத்தகம் வாசித்தவர்களே. வேறுபாடு வாசித்த முறையில் இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரை அடுத்த கயலிட்சா என்னும் வறுமை மிகுந்த குடியிருப்பிலும் இத்தகைய ஆய்வு நடைபெற்றது. சில வாரங்களே பயிற்சி பெற்ற தாய்மாரின் கைக்குழந்தைகளிடம் சொல்லறிவும் கவனிக்கும் ஆற்றலும் கூடியதை 2015-இல் வெளியான முடிவுகள் காட்டின. எனவே இது வசதி படைத்தோருக்கு மட்டும் உரிய பழக்கமன்று.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், பிறந்தது முதல் குழந்தைக்கு வாசித்துக் காட்டுமாறு பெற்றோருக்கு அறிவுறுத்த வேண்டும் என 2014-இல் தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட ஐந்து வயதுக்குட்பட்டோருக்கான வழிகாட்டுதலும், குழந்தை அமர்ந்திருக்கும் நேரத்தை வாசித்தலிலும் கதை சொல்லுதலிலும் செலவிடுமாறு பரிந்துரைக்கிறது.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். வாசித்துக் காட்டாததால் எந்தக் குழந்தைக்கும் காது கேளாமையோ ஆட்டிசமோ வருவதில்லை. வாசித்துக் காட்டுவதால் மட்டும் அவை நீங்குவதுமில்லை. பேச்சு தாமதமான குழந்தையின் தாய் தன்னைக் குற்றவாளியாகக் கருத வேண்டியதில்லை. உரிய பரிசோதனைக்குக் குழந்தையை அழைத்து வருவதே தேவை.

எந்த வயதில் எப்படி வாசிப்பது?

பிறந்தது முதல் 12 மாதம் வரை: பச்சிளங்குழந்தையின் கண்ணுக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளவையே தெளிவாகத் தெரியும். எனவே உங்கள் முகமே முதல் புத்தகம். தாலாட்டும் கொஞ்சு மொழியும் இப்பருவத்திற்கு ஏற்றவை. ஆறு மாதத்திற்குப் பின் தடித்த அட்டைப் புத்தகத்தையோ துணிப் புத்தகத்தையோ கையில் கொடுங்கள். குழந்தை அதை வாயில் வைப்பதும் தட்டுவதும் இயல்பே. பக்கத்திற்கு ஒரு படமும் ஒரு சொல்லும் போதும்.

1 முதல் 2 வயது வரை: குழந்தை படத்தைச் சுட்டிக்காட்டத் தொடங்கும். அது சுட்டும் பொருளின் பெயரைச் சொல்லுங்கள். "காகம் எங்கே?" எனக் கேட்டு, சுட்டிக்காட்டக் காத்திருங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் எழுந்து ஓடிவிட்டால் விட்டுவிடுங்கள். பிறிதொரு வேளையில் தொடரலாம்.

2 முதல் 3 வயது வரை: "இது என்ன?", "என்ன செய்கிறது?" என வினவலாம். ஒரே புத்தகத்தை மீண்டும் மீண்டும் கேட்கும் பருவம் இது. சலிப்படையாதீர்கள். தெரிந்த கதையில் அடுத்து வருவதை முன்கூட்டியே அறிவது குழந்தைக்கு மகிழ்ச்சி தருகிறது. ஒவ்வொரு முறையும் புதிய சொல் ஒன்று மனத்தில் பதிகிறது.

3 முதல் 5 வயது வரை: சிறு கதைகளை முழுமையாகக் கேட்கும். "அடுத்து என்ன நடக்கும்?", "அந்த நாய்க்குட்டி ஏன் அழுகிறது?" என்பன போன்ற வினாக்கள் பொருந்தும். சில நாட்களில் கதையைக் குழந்தையே உங்களுக்குச் சொல்லட்டும். வரிகளின் மீது விரலை ஓட்டி வாசித்தால், எழுத்து இடமிருந்து வலமாகச் செல்வதைத் தானே உணரும். எழுத்துகளைக் கேட்டுச் சோதிப்பதும், தவறினால் கண்டிப்பதும் வேண்டாம். கதை நேரம் தேர்வாகிவிட்டால் குழந்தை புத்தகத்தை வெறுக்கத் தொடங்கும்.

நான்கு படிகள்

எந்தப் படத்தைக் கொண்டும் பின்வரும் நான்கு படிகளைப் பின்பற்றலாம்.

1. கேளுங்கள்: படத்தைக் காட்டி ஒரு வினா எழுப்புங்கள்.
2. காத்திருங்கள்: மனத்திற்குள் ஐந்து வரை எண்ணுங்கள். சிறு குழந்தைக்கு விடையைத் தேடி எடுக்க நேரம் வேண்டும். பெரும்பாலான பெரியவர்கள் தவறவிடும் படி இதுவே.
3. விரித்துச் சொல்லுங்கள்: குழந்தை ஒரு சொல் சொன்னால், அதனுடன் இரண்டு சொற்களைச் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். தவறாகச் சொன்னாலும் "தப்பு" எனக் கூறாமல் சரியான சொல்லை இயல்பாகப் பயன்படுத்துங்கள்.
4. வாழ்வோடு இணையுங்கள்: படத்தில் உள்ளதை, குழந்தை வீட்டிலோ கடற்கரையிலோ கண்டதுடன் சேர்த்துப் பேசுங்கள்.

இரண்டரை வயதுக் குழந்தையுடன் படகுப் படம் ஒன்றைப் பார்க்கும் தாயின் பேச்சு இவ்வாறு அமையலாம்:

தாய்: "இது என்ன, ராசா?"
குழந்தை: "வள்ளம்."
தாய்: "ஆமா, பெரிய வள்ளம். அதுல யாரு இருக்காங்க?"
குழந்தை: "தாத்தா."
தாய்: "தாத்தா வள்ளத்துல போறாங்க. எதுக்குப் போறாங்க?"
(குழந்தை பேசவில்லை. தாய் சற்றுக் காத்திருக்கிறார்.)
தாய்: "மீன் பிடிக்கப் போறாங்க. நம்ம தாத்தா நேத்து என்ன மீன் கொண்டு வந்தாங்க?"
குழந்தை: "சாளை!"
தாய்: "ஆமா, கூடை நிறையச் சாளை கொண்டு வந்தாங்க."

இவ்வுரையாடலில் ஒரு வரிகூட வாசிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆயினும் குழந்தை மூன்று முறை பேசியது. ஒவ்வொரு முறையும் தன் சொல்லைவிடச் சற்று நீண்ட வாக்கியத்தைக் கேட்டது.

வாசிப்பைச் சுவையாக்கும் வழிகள்

• குரலை மாற்றுங்கள். யானைக்குக் கனத்த குரல், எலிக்குக் கீச்சுக் குரல், இரகசியத்திற்கு மெல்லிய குரல்.
• ஒலிகளைச் சேருங்கள். அலை, மழை, கப்பலின் சங்கொலி, காகம், ஆட்டுக்குட்டி ஆகியவற்றின் ஒலியைக் குழந்தையும் எழுப்பட்டும்.
• உடலை அசைக்க விடுங்கள். நண்டு வந்தால் பக்கவாட்டில் நடக்கலாம். வலை இழுத்தால் சேர்ந்து இழுக்கலாம்.
• தெரிந்த கதையில் ஒரு சொல்லை விட்டுவிட்டு நிறுத்துங்கள். அதை நிரப்புவதில் குழந்தைக்குப் பெருமகிழ்ச்சி.
• வேண்டுமென்றே தவறாகச் சொல்லுங்கள். பூனையைக் காட்டி "மாடு" என்றால் குழந்தை சிரித்துக்கொண்டே திருத்தும்.
• கதைமாந்தருக்குக் குழந்தையின் பெயரைச் சூட்டுங்கள்.
• பக்கத்தைத் திருப்பும் பணியைக் குழந்தைக்கே விட்டுவிடுங்கள். பக்கம் தாண்டிப் போனாலும் குற்றமில்லை.
• கதையில் வரும் பொருளைக் கையில் கொடுங்கள்: பெரிய சங்கு, பனையோலை, வலைத்துண்டு. குழந்தையின் வாய்க்குள் புகக்கூடிய சிறு சிப்பி, மணி, வலைக்குண்டு ஆகியவற்றைத் தவிர்க்கவும். அவை மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும்.

பாடல்களும் வாசிப்பின் ஒரு பகுதியே. எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரின் பாப்பா பாட்டும், குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்களும் ஓசை நயத்தால் எளிதில் மனத்தில் நிற்பவை. எதுகையும் மோனையும் கேட்டுப் பழகிய செவி, சொற்களுக்குள் உள்ள ஒலிகளைப் பிரித்தறியக் கற்கிறது. பின்னாளில் எழுத்துக் கூட்டி வாசிக்க அத்திறன் உதவும்.

எழுத்துத் தமிழில் வாசிப்பதா, பேச்சுத் தமிழிலா?

பல பெற்றோர் தயங்கும் இடம் இது. புத்தகத்தில் "மீனவர்கள் வருகிறார்கள்" என்று இருக்கும். வீட்டிலோ "மீன்காரங்க வாராங்க" என்போம். எழுத்துத் தமிழை அப்படியே வாசித்தால் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாதி புரிவதில்லை, கவனமும் சிதறுகிறது.

மூன்று வயது வரை, புத்தகத்தில் உள்ளதை உங்கள் வீட்டுப் பேச்சிலேயே சொல்லுங்கள். மூன்று வயதுக்குப் பின், முதலில் ஒரு வரியை உள்ளபடி வாசித்து, உடனே பேச்சுத் தமிழில் விளக்குங்கள். கதை பழகிய பின் விளக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம். இவ்வாறு எழுத்துத் தமிழின் ஓசையைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, முதல் வகுப்புப் பாடநூல் அந்நிய மொழியாகத் தோன்றாது.

வீட்டில் தமிழல்லாத மொழி பேசுவோர் தங்கள் தாய்மொழியிலேயே கதை சொல்லலாம். இரு மொழிகள் கேட்பதால் பேச்சு தாமதமாகாது. ஆங்கிலப் புத்தகமாயினும், படத்தைப் பார்த்துத் தமிழில் பேசுவதே சிறு குழந்தைக்கு நன்மை தரும்.

எனக்குப் படிக்கத் தெரியாதே, நான் என்ன செய்வது?

நீங்களும் செய்யலாம். மேலே கூறிய நான்கு படிகளுக்கும் கண்ணும் வாயும் போதும். எழுத்தே இல்லாத படக் கதைப் புத்தகங்களும் உண்டு. ஒரே படத்திற்கு இன்று ஒரு கதை, நாளை வேறொரு கதை சொன்னாலும் தவறில்லை.

ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டறியும் வழக்கம் நமக்குப் புதிதன்று. 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்ட தொடக்க நூல்களுள் ஒன்று. அதை ஆக்கிய அண்டிரிக் அடிகளார், புன்னைக்காயலில் வாழ்ந்து முத்துக்குளித்துறை மக்களிடையே பணியாற்றியவர். எழுத்தறிந்தோர் சிலரே இருந்த அக்காலத்தில், நூல் என்பது பெரும்பாலோர்க்குக் காதால் கேட்கும் பொருளாகவே இருந்தது. உங்கள் குழந்தையும் இப்போது அந்த நிலையிலேயே இருக்கிறது.

வீட்டுப் பெரியவர்களிடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத கதைகள் உள்ளன. தூத்துக்குடியில் முத்துக்குளித்தல் 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதைச் சிறுவயதில் கண்ட தாத்தாவோ ஆச்சியோ உங்கள் வீட்டில் இருந்தால், சிப்பிக் குவியலையும், மூச்சடக்கி மூழ்கியோரையும் பற்றிப் பேரக்குழந்தைக்குச் சொல்லச் சொல்லுங்கள். உப்பளத்தில் இறங்கும் பூநாரைகள், பனையேறிய நாட்கள், கோயில் கொடை, பனிமய மாதா தேர் என எல்லாம் கதைப்பொருளே. கேட்பதோடு நில்லாமல் குழந்தை இடையிடையே பேசவும் வாய்ப்புக் கொடுங்கள்.

நேரம் கிடைக்காத குடும்பங்களுக்கு

உறங்கும் வேளையே கதை வேளை என்பது கட்டாயமன்று. உங்கள் தொழிலுக்கேற்ற நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

மீனவர் குடும்பங்கள்: கடலுக்குச் செல்லும் நாட்களில் தந்தை விடியுமுன் புறப்பட்டு இரவில் திரும்புவார். அந்நாட்களில் தாயோ பாட்டியோ கதை சொல்லலாம். கடலுக்குச் செல்லாத நாள் தந்தையின் முறையாகட்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வருமானம் குறையும் கடினமான காலம் அது. எனினும் தந்தை வீட்டில் இருக்கும் காலமும் அதுவே. நாள்தோறும் பத்து நிமிடம் குழந்தையை மடியில் வைத்து வாசித்தால், 61 நாட்களில் பத்து மணி நேரத்திற்கும் மேலாகும்.

உப்பளத் தொழிலாளர் குடும்பங்கள்: விடியுமுன் பாத்திக்குச் செல்வோர் நண்பகலுக்குப் பின் கதை நேரம் வைத்துக்கொள்ளலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலத்தில் உப்பு விளைச்சல் நிற்கும்போது இப்பழக்கத்தைத் தொடங்குவது எளிது. பகலில் குழந்தையை அக்காவோ அண்ணனோ பார்த்துக்கொள்வதாயின், அவர்களே வாசித்துக் காட்டலாம். பள்ளி செல்லும் பிள்ளையின் வாசிப்பும் இதனால் மேம்படும்.

கப்பலிலோ வெளிநாட்டிலோ பணிபுரிவோர்: காணொலி அழைப்பில் தந்தை கதை சொல்ல, வீட்டில் உள்ளவர் அதே புத்தகத்தைக் குழந்தையின் கையில் வைத்துப் பக்கங்களைக் காட்டலாம். இணைப்புக் கிடைக்காத நாட்களுக்காகக் குரலைப் பதிவு செய்து அனுப்பலாம்.

கைபேசிக் கதைகள் போதாவா?

போதா. காணொலி, குழந்தையின் விடைக்காகக் காத்திருப்பதில்லை. அது சொன்ன சொல்லை விரித்துச் சொல்வதுமில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. தொலைவில் உள்ள உறவினருடன் பேசும் காணொலி அழைப்புக்கு மட்டும் விலக்கு உண்டு. இரண்டு முதல் ஐந்து வயது வரை, பெரியவரின் துணையுடன் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மிகாமல் இருக்க வேண்டும். உணவூட்டும்போதும் உறங்குமுன்னும் கைபேசியைத் தவிர்க்கவும்.

புத்தகங்களுக்கு எங்கே செல்வது?

• அங்கன்வாடி மையம்: இரண்டு வயது முதல் குழந்தையைச் சேர்க்கலாம். அங்குள்ள படங்களையும் கதைகளையும் பற்றிப் பணியாளரிடம் கேட்டறிந்து, அதே கதையை வீட்டிலும் சொல்லுங்கள்.
• பொது நூலகம்: மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகங்களிலும் சிறுவர் நூல்களைக் கேட்டுப் பாருங்கள், உறுப்பினரானால் நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.
• குறைந்த விலை நூல்கள்: நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் படக் கதை நூல்களை வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக் கதைகளைக் கட்டணமின்றிப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

வீட்டிலேயே செய்யும் புத்தகம்: பழைய நாட்காட்டி அட்டை, திருமண அழைப்பிதழின் வெற்றுப் பக்கம், குடும்ப நிழற்படங்கள், செய்தித்தாளில் வெட்டிய படங்கள் ஆகியவை போதும். பக்கத்திற்கு ஒரு படம் ஒட்டி, ஓரத்தில் துளையிட்டுத் தடித்த நூலால் கட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். ஸ்டேப்ளர் பின், குண்டூசி ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டாம். அப்பா, ஆச்சி, வீட்டு ஆடு, வள்ளம் எனத் தனக்குத் தெரிந்தவர்களும் தெரிந்த பொருள்களும் உள்ள இப்புத்தகத்தைக் குழந்தை வேறெதையும்விட விரும்பும்.

வாசிக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

9 முதல் 12 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்திலும் தடுப்பூசிக்காகக் குழந்தையை அழைத்து வருகிறீர்கள். அதன்பின் அட்டவணையில் உள்ள அடுத்த தடுப்பூசி 5 வயதுக்கு மேல்தான். பேச்சுத் தாமதம் வெளிப்படையாகத் தெரியும் ஆண்டுகள் இவ்விடைவெளியில் அமைந்துவிடுகின்றன. "தாத்தாவும் தாமதமாகத்தான் பேசினார்", "பள்ளிக்குப் போனால் சரியாகிவிடும்" என்று காத்திருந்து, ஐந்து வயதில் காது கேளாமை கண்டறியப்படும் குழந்தைகளை இன்றும் காண்கிறோம். அவர்கள் இழந்த ஆண்டுகளைத் திரும்பப் பெறுவது கடினம். நாள்தோறும் புத்தகத்துடன் அமரும் பெற்றோர் இதை முன்கூட்டியே உணர வாய்ப்புண்டு.

பின்வரும் அறிகுறிகளுள் ஏதேனும் ஒன்று இருப்பினும் மருத்துவரை அணுகவும்:

• 6 மாதத்தில் குரல் வரும் திசையில் திரும்பாமை
• 12 மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை; மழலை ஒலியோ, கையசைத்தல், சுட்டிக்காட்டுதல் போன்ற சைகையோ இல்லாமை
• 18 மாதத்தில் பொருளுள்ள ஒரு சொல்கூடப் பேசாமை
• 24 மாதத்தில் "பால் தா", "அப்பா வா" என இரு சொற்களைச் சேர்த்துத் தானாகப் பேசாமை
• 3 வயதில் வீட்டாருக்கே பேச்சு பெரும்பாலும் புரியாமை
• கதை கேட்கும்போது கண்ணோடு கண் பார்க்காமை. கேட்ட சொல்லையே பொருளின்றித் திரும்பத் திரும்பச் சொல்லுதல்
• உங்கள் முகத்தைப் பார்த்தால் மட்டும் மறுமொழி தருதல். பின்புறமிருந்து பேசினால் திரும்பாமை
• படத்தைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுசெல்லுதல், தலையைச் சாய்த்துப் பார்த்தல், மாறுகண்

உடனடியாக வர வேண்டியவை: முன்பு பேசிய சொற்களை எந்த வயதிலாவது குழந்தை இழந்துவிடுதல், கண்ணின் கருமணியில் வெண்மை தோன்றுதல்.

அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுச்செவியில் நீர் தேங்கிக் கேட்டல் தற்காலிகமாகக் குறையலாம். இது சிகிச்சையால் சீராகக்கூடியது. காதில் எண்ணெய் ஊற்றுவதைத் தவிர்க்கவும்.

யாரை அணுகுவது?

கிராம சுகாதார செவிலியர் அல்லது அங்கன்வாடிப் பணியாளரிடம் முதலில் கூறலாம். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் அளிக்கப்படும் நாளும் இதற்கு ஏற்றது. ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்னும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கிறது. அந்நாளில் குழந்தையைத் தவறாமல் அழைத்துச் செல்லுங்கள். மேல் பரிசோதனை தேவைப்படுவோர், மாவட்ட அளவில் இயங்கும் இடையீட்டுச் சேவை மையத்திற்குப் பரிந்துரைக்கப்படுவர். அங்கு கேட்டல் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. கடும் கேளாமை உள்ள, 6 வயதுக்குட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் செய்யப்படுகிறது. இதில் முன்னதாக வருவோர் பெறும் பயன் மிகுதி. ஐயங்களுக்கு 104 என்னும் எண்ணை அழைக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை ஓரிடத்தில் அமர்வதில்லை. என்ன செய்வது?
அது விளையாடிக்கொண்டிருக்கும்போதே அருகில் அமர்ந்து வாசியுங்கள். காது கேட்டுக்கொண்டுதான் இருக்கும். பசியும் தூக்கமும் இல்லாத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நிமிடத்தில் தொடங்கி மெல்ல நீட்டிக்கலாம்.

புத்தகத்தைக் கிழித்துவிடுகிறது. உயரத்தில் வைத்துவிடலாமா?
வேண்டாம். கையெட்டும் இடத்திலேயே இருக்கட்டும். கிழிந்ததைக் குழந்தையுடன் சேர்ந்து ஒட்டுங்கள். சிறு வயதில் தடித்த அட்டை நூல்களைக் கொடுங்கள்.

கேட்கும் கருவி அணிந்த குழந்தைக்கு வாசிக்கலாமா?
கட்டாயம் வாசிக்க வேண்டும். எதிரெதிரே அமர்ந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறி, தொலைக்காட்சி ஆகியவற்றின் ஓசையைக் குறைத்து, படத்தைக் காட்டிய பின் பேசுங்கள். பார்வை குறைந்த குழந்தைக்குப் பெரிய, அழுத்தமான நிறங்கொண்ட படங்களும், தொட்டறியும் பொருள்களும் உதவும்.

மூன்று வயதில் திக்கித் திக்கிப் பேசுகிறது. வாசிப்பை நிறுத்த வேண்டுமா?
வேண்டாம். இரண்டரை முதல் நான்கு வயதுக்குள் சொற்கள் தடைபடுவது பல குழந்தைகளிடம் காணப்படுகிறது. இடைமறிக்காமல் கேளுங்கள், நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். ஆறு மாதத்திற்கு மேல் நீடித்தாலோ, குழந்தை பேசவே தயங்கினாலோ மருத்துவரை அணுகவும்.

எனக்கே எதிலும் விருப்பமில்லை. குழந்தையுடன் பேசவும் தோன்றவில்லை.
இது சோம்பலன்று, மனச்சோர்வாக இருக்கலாம். மகப்பேற்றுக்குப் பின் பல தாய்மாருக்கு ஏற்படுவது, சிகிச்சையால் குணமாகும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கூறுங்கள். டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். அதுவரை கதை சொல்லும் பொறுப்பை வீட்டில் மற்றொருவர் ஏற்கட்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• நாள்தோறும் பத்து நிமிடம். ஒரே மூச்சில் இயலாவிட்டால் இரண்டு ஐந்து நிமிடங்கள்.
• கேளுங்கள், காத்திருங்கள், விரித்துச் சொல்லுங்கள், வாழ்வோடு இணையுங்கள்.
• படிக்கத் தெரியாதவரும் படம் பார்த்துக் கதை சொல்லலாம்.
• வீட்டுப் பேச்சில் தொடங்கி, மூன்று வயதுக்குப் பின் எழுத்துத் தமிழைச் சேருங்கள்.
• குழந்தை திரும்பவில்லை, சுட்டவில்லை, பேசவில்லை என ஐயம் எழுந்தால் பள்ளி வயது வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் புத்தகம் எதுவும் இல்லையெனில், இன்று மாலை சுவரில் தொங்கும் நாட்காட்டிப் படத்திற்கு முன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்று, "இது என்ன?" எனக் கேட்டுத் தொடங்குங்கள். பின் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள்.